மூன்றாம் ஓலைக்கு முந்தின மாலை

வேன் பாலக்கரையிலிருந்து கிளம்பும்போது செல்வமேரிக்கு ஜன்னலோரம் கிடைக்கவில்லை. "மேரிக்குக் காத்து ஒத்துக்காது, தலைவலி வரும்" என்று தைரியராஜ் சொல்லி, தன் தாயார் அமலராணியை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டுப் பக்கத்து இடத்தை அவளுக்குக் காட்டினார். காற்றினால் அவளுக்கு ஒருநாளும் தலைவலி வந்ததில்லை. ஆனால் அவர் அதை அக்கறையோடுதான் சொன்னார். முன் வரிசையில் இருந்த ஒரு டீச்சர் திரும்பிப் பார்த்து, "இப்பவே இப்படியா?" என்று சிரித்தாள்.

1986 ஏப்ரல். எழுபத்தாறு ஆண்டுக்கு ஒருமுறை வருகிற வால் நட்சத்திரம் வந்திருந்தது. திருச்சியில் மொட்டை மாடி ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெருவிளக்குதான் தெரிந்தது. கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளரான தைரியராஜ், பச்சைமலைக்கு மேலே போனால் இருட்டில் நன்றாகத் தெரியும் என்று சொல்லிப் தன் பங்குக் கோயில் மக்களுக்காக ஒரு பயணம் ஏற்பாடு செய்தார். சனிக்கிழமை மதியம் கிளம்புவது, மலையில் ஒரு வீட்டில் மலைச் சாப்பாடு, ஒன்பது மணிக்கு வால் நட்சத்திரம், நள்ளிரவுக்குள் வீடு. கல்லூரியின் தொலைநோக்கி ஜமுக்காளத்தில் சுற்றப்பட்டுப் பின் சீட்டில் ஒரு ஆளைப் போலப் படுத்திருந்தது.

மறுநாள் ஞாயிறு. அன்று காலை ஐந்தரை மணிப் பூசையில் தைரியராஜுக்கும் செல்வமேரிக்கும் மூன்றாம் ஓலை.

பங்கில் ஒரு கல்யாணம் நிச்சயமானால், மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் படிக்கப்படும். தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குக் குருவிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்ற வாக்கியத்தோடு அது முடியும். அதற்குத்தான் ஓலை என்று பெயர். இவர்களுடைய முதல் ஓலை ஈஸ்டர் அன்று படிக்கப்பட்டது. வருடம் முழுக்கக் கோயில் பக்கம் வராதவர்களும் வந்திருந்த நாள். அதனால் செல்வமேரிக்குக் கல்யாணம் என்பது ஒரே காலையில் ஊருக்கே தெரிந்துபோயிற்று.

ஓலை நின்றுபோன வீடும் ஒன்று அவர்கள் தெருவில் இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் நர்ஸ் லூர்துராணியின் பெயர் இரண்டு வாரம் படிக்கப்பட்டு, மூன்றாம் வாரம் படிக்கப்படவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை. அதனால் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். முன்பே ஒரு கல்யாணம் ஆனவள் என்றார்கள், கன்னியர் மடத்திலிருந்து ஓடிவந்தவள் என்றார்கள். லூர்துராணி இன்னமும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பூசை பார்த்துவிட்டு, முதல் ஆளாக வெளியே போய்விடுவாள்.

செல்வமேரி ஒரு பெண்கள் பள்ளியில் ஆறு வருடமாக அறிவியல் டீச்சர். வெள்ளிக்கிழமை மாலை தலைமையாசிரியை சிஸ்டர் அவளைக் கூப்பிட்டு ஒரு மாதா படமும் ஜெபமாலையும் கொடுத்தார். "நல்லா இரும்மா. உன் இடத்துக்கு ஆள் பார்த்தாச்சு. ஜூன்லேருந்து நீ வரமாட்டேன்னு மாப்பிள்ளை நேர்ல வந்து சொல்லிட்டுப் போனாரே, எவ்வளவு பண்பான மனுஷன்" என்றார். செல்வமேரி ஜெபமாலையைக் கையில் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னாள்.

அன்றிரவு அண்ணன் சகாயநாதனிடம் சொன்னாள். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவன்தான் எல்லாம். பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை. "நாளைக்கு மலைக்குப் போறோமில்ல, அவர்கிட்டயே கேளு. நாளன்னைக்கு ஓலை. முகத்தைத் தூக்கி வெச்சுக்காத" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டான்.

கேட்பதற்காகத்தான் அவள் வந்தாள்.

காவிரிப் பாலம் தாண்டியதும் டிரைவர் அழகிரி ஸ்ரீரங்கத்தில் தன் வீட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி ஒரு கம்பளியும் தண்ணீர்க் குடமும் எடுத்துக்கொண்டான். ராஜகோபுரத்துக்குச் சாரம் கட்டியிருந்தார்கள். அமலராணி ஜன்னல் வழியாக அண்ணாந்து பார்த்து, "எத்தனை வருஷமா நின்னுபோன வேலை, முடிச்சுடுவாங்க போலிருக்கே" என்றாள். பிறகு செல்வமேரி பக்கம் திரும்பி, "சமையக்கட்டு அலமாரியைக் கீழே இறக்கி அடிக்கச் சொல்லியிருக்கேன். உன் உயரத்துக்கு எட்டணுமில்ல" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். கொள்ளிடப் பாலம் முடியும்வரை செல்வமேரி அந்த அலமாரியையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

துறையூரில் டீ குடிக்க நிறுத்தினார்கள். தைரியராஜ் இரண்டு டம்ளரோடு வந்தார்.

"எங்க ஸ்கூலுக்குப் போயிருந்தீங்களா?"

"ஆமா, போன வாரமே போனேன். உன்கிட்ட சொல்ல மறந்துட்டேன் பாரு." டீயை ஆற்றி அவளிடம் நீட்டினார். "நீயே போய்ச் சொன்னா சங்கடமா இருக்கும். ஆறு வருஷம் இருந்த இடம். அதான் நானே முடிச்சுட்டேன்."

"நான் வேலையை விடறேன்னு சொல்லவே இல்லையே."

"அம்மாவுக்கு முட்டி வலி. வீட்டுல ஒரு ஆள் வேணும். எப்படியும் நீ விடத்தானே போறே?"

"என்னை யாரும் கேக்கலை."

"இதுல கேக்க என்ன இருக்கு மேரி? உனக்குத் தெரியாததா?" அவர் குரலில் கோபம் துளியும் இல்லை. வகுப்பில் ஒரு சுலபமான கணக்கில் தடுக்கி நிற்கிற பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "டீ ஆறிடும், குடி."

அவர் போனதும் சகாயநாதன் வந்தான். "கேட்டியா? என்ன சொன்னாரு?"

"டீ ஆறிடும்னாரு."

"விளையாடாத."

"அண்ணே, இந்தக் கல்யாணம் எனக்கு வேணாம்."

சகாயநாதன் சுற்றும் முற்றும் பார்த்தான். "வேலையை விடச் சொன்னதுக்கெல்லாம் ஒருத்தி ஓலையை நிறுத்துவாளா?"

"விடச் சொல்லலைண்ணே. எனக்குப் பதிலா அவரே விட்டுட்டாரு."

"குடிக்கிறாரா? சீட்டாடுறாரா? கைநீட்டுற ஆளா? காரணம்னு எதைச் சொல்லுவே? லூர்துராணியை இன்னும் ஊரு மென்னுக்கிட்டு இருக்கு. அடுத்தது நம்ம வீடா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வேனில் ஏறிக்கொண்டான்.

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. வெளியே சொல்லக்கூடிய குற்றம் எதுவும் அந்த மனிதரிடம் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. வண்டி உப்பிலியபுரம் தாண்டி வயல்களுக்கு நடுவே போகும்போது அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். நள்ளிரவுக்குள் வீட்டுக்குப் போய்விடலாம். ஐந்து மணிக்கு, பூசைக்கு முன்னால், பங்குச் சாமியார் பங்களா கதவைத் தட்டிச் சொல்லிவிடலாம். சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம்தான். அதற்குப் பிறகு நடப்பது நடக்கட்டும்.

மலைமேல் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மருதை என்ற விவசாயியின் வீடு. சுற்றிலும் மரவள்ளிக் கொல்லை. தெற்கே மலை சரிந்து இறங்கியது. அவன் மனைவி காளியாயி வாசலிலேயே அடுப்பு மூட்டியிருந்தாள். தைரியராஜ் களத்துமேட்டில் தொலைநோக்கியை நிறுத்தி, தென்கிழக்கு முகட்டைக் காட்டி, ஒன்பது மணிக்கு அதற்கு மேலே வரும் என்றார். மேற்கே மெல்லிய பிறை நின்றது. அதுவும் அதற்குள் இறங்கிவிடும், நல்ல இருட்டு கிடைக்கும் என்றார். எல்லோரும் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

எண்ணெய் வாங்கக் கீழே போயிருந்த மருதை அப்போதுதான் நடந்து வந்து சேர்ந்தான்.

"கொண்டை ஊசி வளைவுல கிழங்கு லாரி அச்சு முறிஞ்சு குறுக்க நிக்குதுங்க. ஆடு நுழையலாம். வேன் நுழையாது."

அழகிரி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "ஆத்தூர்லேர்ந்து மெக்கானிக் வரணும். வெளிச்சம் வந்தாத்தான் வருவான். வால் நட்சத்திரத்தை ஆற அமரப் பாருங்க சார். அது எழுவத்தாறு வருஷம் காத்துக்கிட்டு இருந்துச்சு, நாம ஒரு ராத்திரி இருக்க மாட்டோமா?"

சிலர் சிரித்தார்கள். செல்வமேரி எழுந்து மருதையிடம் போனாள். "நடந்தே இறங்கினா?"

"ரெண்டு மணி நேரத்துல எறங்கிடலாம்மா. எறங்கி? கீழேருந்து மொத பஸ்ஸு காலைல ஆறுக்குத்தான்."

ஆறு மணிக்குப் பாலக்கரையில் பூசை பாதி முடிந்திருக்கும்.

அவள் முகம் மாறியதை அமலராணி கவனித்துவிட்டாள். ஆனால் வேறு விதமாகப் புரிந்துகொண்டாள். "ஐயோ, நாளைக்கு ஓலையாச்சே. உபதேசியாரும் இங்கல்ல இருக்காரு!"

எல்லோருடைய பார்வையும் அமிர்தசாமி பக்கம் திரும்பியது. பங்குக் கோயிலின் உபதேசியார். சாமியாருக்கு உதவியாக இருப்பவர், பாட்டைத் தொடங்கிவைப்பவர், அறிவிப்புகளையும் ஓலையையும் படிப்பவர். இருபது வருடமாக ஊரில் நடந்த கல்யாணங்களெல்லாம் அவர் வாயிலிருந்து வந்தவைதான்.

"அதுக்கு ஏன் கவலைப்படுறீங்க?" என்றார் அமிர்தசாமி. "நான் இல்லேன்னா சாமியாரே படிச்சுடுவாரு. எல்லாம் எடுத்து வெச்சுட்டுத்தான் வந்திருக்கேன். ஓலை நிக்காது."

"மாதாவே, நல்லவேளை" என்று அமலராணி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். மூன்று பேர் வந்து செல்வமேரியின் கையைப் பிடித்து, ஓலை நிக்காது, பயப்படாதே என்று ஆறுதல் சொன்னார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டாள்: "உபதேசியாரே, ஓலைக்குத் தடை இருந்தா யார்கிட்ட சொல்லணும்?"

"என்ன டீச்சர், மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு சம்சாரம் இருக்கா?" என்று யாரோ இருட்டிலிருந்து கேட்டார்கள்.

"இருக்கு" என்றார் தைரியராஜ், தொலைநோக்கியைத் தட்டி. "இவதான். இவளை யாரும் தொடக் கூடாது." சிரிப்பு எழுந்தது.

அமிர்தசாமி மட்டும் கேள்விக்குப் பதில் சொன்னார். கோயில் சம்பந்தமான எதையும் அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. "சாமியார்கிட்ட. அவர் இல்லாத இடத்துல என்கிட்ட. படிக்கிறவன் காதுல விழுந்துட்டா, கொண்டுபோய்ச் சேர்க்கறது அவன் கடமை."

சாப்பாட்டுக்கு இலை போட்டார்கள். சாமைச் சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு, மொச்சைக் குழம்பு, பலாக்கொட்டைப் பொரியல். லாந்தர் வெளிச்சத்தில் காளியாயி வரிசையாகப் பரிமாறிக்கொண்டு வந்தாள். மணப்பெண் யாரென்று யாரோ காட்டிக் கொடுத்திருந்தார்கள்.

"பொண்ணுக்கு என்ன வைக்கட்டும், கோழியா மொச்சையா?"

"அவங்களுக்கு மொச்சை போடுங்க" என்றார் பக்கத்து இலையிலிருந்து தைரியராஜ். "எங்க வீட்டுல சனிக்கிழமை கறி கிடையாது. மாதாவுக்கு அம்மா நேர்ந்துக்கிட்டது."

காளியாயி கரண்டியை நிறுத்தினாள். "நான் பொண்ணைக் கேட்டேன். இதுக்கு வாய் இல்லையா? இல்ல, அதையும் பரிசத்தோட வாங்கிட்டீங்களா?"

வரிசையில் இருந்தவர்கள் மறுபடி சிரித்தார்கள். தைரியராஜும் சிரித்தார். செல்வமேரி இலையைப் பார்த்தபடி இருந்தாள். மதியத்திலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. கோழிக் குழம்பில் மிளகு வாசனை தூக்கலாக வந்தது.

"எனக்குக் கோழி போடுங்க" என்றாள்.

காளியாயி போட்டாள். அமலராணி மெதுவாக, "மாதா நேர்ச்சைம்மா" என்றாள்.

"அது உங்க நேர்ச்சை, அத்தை." பிறகு அவள் எதிர் வரிசையைப் பார்த்தாள். "உபதேசியாரே, மூணாம் ஓலைக்குத் தடை இருக்கு."

அமிர்தசாமியின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. "யார் சொல்றது?" என்று கேட்டார், கோயில் அலுவலறையில் கேட்கிற அதே குரலில்.

"நான்தான். செல்வமேரி."

"என்ன தடை?"

"எனக்குச் சம்மதமில்லை."

சகாயநாதன், "மேரி" என்றான்.

தைரியராஜ் எல்லோரையும் பார்த்துப் புன்னகை செய்தார். "மேரிக்குத் தலைசுத்தல். அத்தனை வளைவு ஏறி வந்தோமில்ல. காலைல சரியாயிடும்."

"தலை சுத்தலை" என்றாள் செல்வமேரி. "காத்துல எனக்குத் தலைவலி வர்றதும் இல்லை."

"கோயில்ல கேக்கற தடை வேற மாதிரிம்மா" என்றார் அமிர்தசாமி தயங்கி. "முறை தப்பின உறவு, முந்தின கல்யாணம்... அந்த மாதிரி."

"அதெல்லாம் எதுவும் இல்லை. இல்லைன்னு எல்லாருக்கும் முன்னாடி சொல்லிடறேன். அப்புறம் யாரும் என் மேல ஒண்ணைக் கட்டிவிட வேணாம். அவர் மேலயும் வேணாம். எனக்குச் சம்மதமில்லை, அவ்வளவுதான்."

"சம்மதம் கேக்காமலா இத்தனை தூரம் கூட்டியாந்தீங்க?" என்று காளியாயி கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பிறகு அடுத்த இலைக்குப் போனாள்.

சகாயநாதன் பாதி இலையில் எழுந்து இருட்டுக்குள் நடந்து போனான். ஆனால் கோபித்துக்கொண்டு போவதற்கு அந்த மலையில் இடமில்லை. கொல்லை முடிந்த இடத்தில் சரிவு தொடங்கியது. குளிரும் அடித்தது. சிறிது நேரத்தில் திரும்பி வந்து, அடுப்புக்குப் பக்கத்தில், தங்கைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். மற்றவர்களும் அப்படித்தான். திருச்சியில் என்றால் ஒவ்வொருவராக விடைபெற்றுக்கொண்டு போயிருப்பார்கள். இங்கே கையைக் கழுவிவிட்டு அதே களத்துமேட்டுக்குத்தான் திரும்ப வேண்டியிருந்தது.

வேறு வேலை இல்லாததால் ஒன்பது மணிக்கு எல்லோரும் வரிசையில் நின்றார்கள். தைரியராஜ் ஒவ்வொருவருக்கும் கண்ணை எங்கே வைக்க வேண்டும் என்று சொன்னார். "தெரியுதா? புகை மாதிரி, அதான்" என்றார். அவர் குரல் மாறவில்லை, ஆனால் தொலைநோக்கியின் திருகாணியை இரண்டு முறை தவறவிட்டார். செல்வமேரியின் முறை வந்ததும் அவர் ஒன்றும் சொல்லாமல் விலகிப் போய் நின்றுகொண்டார்.

அவள் குனிந்து பார்த்தாள். முதலில் இருட்டு. பிறகு கண் பழகியது. கரும்பலகையை அழித்த பிறகும் போகாமல் நிற்கிற சாக்பீஸ் பூச்சு மாதிரி ஒன்று. வால் என்று சொல்லும்படி இல்லை. அது என்னவென்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, பார்த்தாயா என்றும் கேட்கவில்லை. பின்னால் நின்றவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். அவள் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பெண்களுக்கு மருதை வீட்டின் ஒரே அறையைக் கொடுத்தார்கள். இடநெருக்கடியில் அமலராணிக்குப் பக்கத்தில்தான் செல்வமேரி படுக்க நேர்ந்தது. போர்வை ஒன்றுதான். இரண்டு பேரும் அதை ஆளுக்கொரு பக்கம் இழுக்காமல் கவனமாகப் படுத்தார்கள்.

"நானும் வேலைக்குப் போனவதான்" என்றாள் அமலராணி, சுவரைப் பார்த்தபடி. "டெலிபோன் எக்சேஞ்சுல. என்னை மட்டும் யாரு கேட்டாங்க? நான் இருக்கலை?"

அதில் இரக்கம் இல்லை, குற்றச்சாட்டுதான் இருந்தது.

விடியும்போது பனி இறங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை இல்லாமல் போகக் கூடாது என்று அமிர்தசாமி எல்லோரையும் களத்துமேட்டில் கூட்டினார். சாமியார் வராத ஊர்களில் உபதேசியார் ஜெபம் நடத்துவது வழக்கம். அவரே பாட்டைத் தொடங்கினார், மன்றாட்டுகளைச் சொன்னார். கையில் புத்தகம் இல்லை. இருபது வருடப் பழக்கம் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொடுத்தது. பாலக்கரையில் அதே நேரம் அதே பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். அங்கே சாமியார் இந்நேரம் இரண்டு பெயர்களைப் படிப்பார், தடை அறிந்தவர்கள் உண்டா என்று கேட்பார், கோயில் நிறைய ஆட்கள் பேசாமல் இருப்பார்கள். அறிந்தவர்கள் எல்லோரும் இங்கே, பனியில், சால்வைக்குள் நின்றார்கள்.

"அறிவிப்புகள்" என்றார் அமிர்தசாமி, பழக்கத்தில்.

சொன்ன பிறகுதான் எங்கே வந்து நிற்கிறோம் என்பது அவருக்கே தெரிந்தது. "புதன்கிழமை மாலை நவநாள் ஜெபம். வெள்ளிக்கிழமை நோயாளிகளுக்கு நற்கருணை கொடுக்கப்படும்." நிறுத்தினார். அடுத்தது எப்போதும் ஓலைதான். சகாயநாதன் தலையைக் குனிந்துகொண்டான். தைரியராஜ் உபதேசியாரை நேராகப் பார்த்தார். முதல் தடவையாக அந்த முகத்தில், இன்னொருவர் என்ன சொல்லப்போகிறார் என்று தெரியாதவனின் காத்திருப்பு இருந்தது.

அமிர்தசாமி தொண்டையைச் செருமினார்.

"இவ்வளவுதான் அறிவிப்பு" என்று சொல்லிவிட்டு இறுதிப் பாட்டைத் தொடங்கினார். கொஞ்ச நேரம் அவர் மட்டும் பாடினார். பிறகு இரண்டு டீச்சர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

எட்டு மணிக்கு லாரியை ஓரம் தள்ளிவிட்டார்கள் என்று தகவல் வந்தது. செல்வமேரி முதல் ஆளாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மற்றவர்கள் ஏறி, அவளுக்குப் பக்கத்து இடத்தைத் தவிர மற்ற இடங்களையெல்லாம் நிரப்பினார்கள். கடைசியாக முட்டியைப் பிடித்தபடி ஏறிய அமலராணிக்கு வேறு இடமில்லை.

"மொதல்ல எங்க நிறுத்தணும்?" என்று அழகிரி கேட்டான்.

தைரியராஜ் வாயைத் திறந்தார். அதற்குள் பின்னாலிருந்து அமிர்தசாமி, "சாமியார் பங்களாவுல" என்றார். "நான் அவர்கிட்ட ஒண்ணு சொல்லியாகணும்." செல்வமேரி திரும்பி, "நானும் இறங்கறேன்" என்றாள்.

வண்டி வளைவுகளில் இறங்கியது. ஓரத்தில் சாய்ந்து நின்ற லாரியிலிருந்து கொட்டிய கிழங்குகள் சாலையில் கிடந்தன. திருச்சிக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் அமலராணியின் தோள் செல்வமேரியின் தோளில் வந்து இடித்தது. இருவரும் நகர இடமில்லை.

"ஜன்னலைச் சாத்து" என்றாள் அமலராணி. "எனக்கு முட்டி குளிருது."

செல்வமேரி அந்த முட்டியைப் பார்த்தாள். ஜன்னலைப் பாதி சாத்தினாள்.